மாலை போட்டவர்களின் ரத்தம்

எங்கள் மாவு மில்லுக்கு வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "கரண்ட் இருக்குதுங்களா?" இரண்டாவது கேள்வி, "டாக்டரம்மா வூட்ல இருக்காங்களா?" என் மனைவி வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய டாக்டர் என்று நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். "அப்படீங்களா" என்று கேட்டுக்கொள்வார்கள். கேழ்வரகு அரைத்து முடிந்து மாவு ஆறுகிற நேரத்தில், "இந்த முட்டிவலிக்கு மட்டும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்" என்பார்கள்.

காரிமங்கலத்தில் சந்தைக்குப் போகிற வழியில் எங்கள் மில். மில்லுக்குப் பின்னால் வீடு. நான் பத்தாவது வரை படித்தவன். அதற்கு மேல் படிக்க வசதி இல்லை என்று சொன்னால் பொய். எனக்கு ஏறவில்லை, அவ்வளவுதான். என் மனைவி என் சொந்த அத்தை மகள். எனக்கு ஏறாதது எல்லாம் சேர்த்து அவளுக்கு ஏறியது. அத்தை மகளாக இருந்ததால்தான் எனக்குக் கிடைத்தாள். இல்லாவிட்டால் முதுகலை படித்த பெண்ணை மாவு மில்காரனுக்கு யார் கொடுப்பார்கள்?

பிறந்ததில் இருந்து பார்த்த பெண்ணை முறைப்படி பெண் பார்க்கப் போனோம். காபியை வைத்துவிட்டு எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "மாமா, கல்யாணத்துக்கு அப்புறமும் நான் படிப்பன். ஆராய்ச்சி பண்ணுவன். நடுவுல நிறுத்துன்னு சொல்லக் கூடாது."

"நீ எது வேணா பண்ணு. கிருத்திகை அன்னிக்கு மட்டும் வூட்ல கவுச்சி கூடாது," என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ரெண்டும் லூசுங்க. நல்லா சேந்துச்சுங்க போ," என்றார். அதுதான் எங்கள் நிச்சயதார்த்தம்.

அவள் ஆராய்ச்சி ரத்தம் உறைவதைப் பற்றியது. முதல் தடவை கேட்டபோது, தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரியா என்று கேட்டேன். "கிட்டத்தட்ட" என்றாள். எவ்வளவு பெருந்தன்மை என்பது பின்னால்தான் புரிந்தது.

அவளுக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று அத்தை சொல்லக் கேட்டிருக்கிறேன். சின்னப் பெண்ணாக இருந்தபோது, சோளத்தட்டு அறுக்கையில் மாமாவின், அதாவது அவள் அப்பாவின், கட்டை விரலில் அரிவாள் பட்டுவிட்டது. ஆளுக்கொரு பக்கம் ஓடியிருக்கிறார்கள். ஒருவர் மஞ்சள் தூள், ஒருவர் காபித் தூள், ஒருவர் வேட்டிக் கிழிசல். அமளி எல்லாம் அடங்கிய பிறகு இவள் மாமாவின் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, ரத்தம் ஏன் நின்னுச்சு?" என்று கேட்டாளாம். ஏன் வந்தது என்று கேட்டால் அரிவாளைக் காட்டலாம். ஏன் நின்றது என்றால் யாரிடம் என்ன பதில் இருக்கிறது? மாமா, "சாமி நிறுத்துச்சு," என்றாராம். நான் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன். அவளும் மறுக்க மாட்டாள். "ஆமா மாமா. எப்படி நிறுத்துதுன்னுதான் நான் பாக்கறன்," என்பாள்.

ஆராய்ச்சிப் படிப்பு பெங்களூரில். ஞாயிற்றுக்கிழமை தருமபுரி ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிடுவேன். வெள்ளிக்கிழமை திரும்பி வருவாள். "பொண்டாட்டிய ரயிலேத்தி வுட்டுட்டு மாவு அரைக்கறான் பாரு," என்று மில்லிலேயே என் காதுபடப் பேசியவர்கள் உண்டு. அவர்கள் மாவையும் நைசாகத்தான் அரைத்துக் கொடுத்தேன். ரசம் வைக்கவும் களி கிண்டவும் நான் கற்றது அந்த வருஷங்களில்தான்.

பட்டம் வாங்கிய பிறகு தருமபுரியிலேயே ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. இந்தப் பக்கத்து ஜனங்களில் ரத்தம் சரியாக உறையாத குடும்பங்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொருவருக்கும் எது குறை என்று சொல்வது அவள் வேலை. ஆயுத பூஜைக்கு மில் மோட்டாருக்குச் சந்தனம் வைத்த கையோடு பஸ் ஏறிப் போய் அவளுடைய யந்திரங்களுக்கும் வைத்துவிட்டு வருவேன். ரத்தம் ஊற்றிய கண்ணாடிக் குழாய்களைச் சுற்றுகிற சென்ட்ரிபியூஜ் என்ற ஒன்று அங்கே இருக்கிறது. சத்தம் அப்படியே நம் மில் சத்தம். அதன் மேல் எனக்குத் தனிப் பாசம். "வெளியில மட்டும் பொட்டு வெய்யுங்க மாமா. மூடியத் தொறந்தீங்க, அப்புறம் நான் ஆளா இருக்க மாட்டன்," என்பாள்.

இன்னொரு யந்திரம்தான் இங்கே முக்கியம். நம் ரத்தத்தில் பிளேட்லெட் என்று ஒன்று இருப்பது டெங்கு புண்ணியத்தில் எல்லோருக்கும் தெரியும். உடம்பில் எங்கே ஓட்டை விழுந்தாலும் அவை ஓடிப்போய் ஒன்றையொன்று கைகோர்த்து அடைத்துக்கொள்கின்றன. அந்தக் கைகோர்ப்பை இந்த யந்திரம் அளந்து காட்டும். பிளேட்லெட் கலந்த கலங்கல் நீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஒரு சொட்டு மருந்து விடுவார்கள். அவை கைகோர்த்துக் கட்டியானால் கலங்கல் தெளியும். தெளியத் தெளியத் திரையில் ஒரு கோடு மேலே ஏறும். கைகோர்க்கத் தெரியாவிட்டால் கோடு படுத்தே கிடக்கும். எண்ணிக்கை நிறைய இருந்தும் கைகோர்க்கத் தெரியாத பிளேட்லெட்டுகள் உண்டாம். எங்கள் ஊர்ப் பொதுக்குழு மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

இனி அந்த மலைப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வத்தல்மலையில் சாமையும் கேழ்வரகும் விதைக்கிற குடும்பத்து மருமகள். முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். மலைக்குப் போன நர்ஸம்மா ஒருவர் பார்த்துச் சொல்லித்தான் என் மனைவிக்குத் தெரிய வந்தது. பஸ் நேரம் ஒத்துவராது என்று என்னை வண்டி எடுக்கச் சொன்னாள். அது தை மாதத் தொடக்கம். எங்கள் பாதயாத்திரைக் குழு பழனிக்குக் கிளம்புகிற நாளும் அதுதான். வருஷா வருஷம் மாலை போட்டு நடக்கிறவன் நான். பூஜை அலமாரி முன்னால் நின்று, "முருகா, இந்த வருஷம் உன் மலைக்குப் பதிலா அந்த மலைக்குப் போறன். மலையெல்லாம் உன்னுதுதானே," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

மலையில் கொண்டை ஊசி வளைவுகள் எல்லாவற்றிலும் என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ரத்தத்தைப் பார்த்து அசையாதவள் வளைவுக்குப் பயப்படுவாள்.

அந்தப் பெண்ணைப் பார்த்ததும் நான் கவனித்தது ஒன்றுதான். ஒரு காதில் மட்டும் தோடு. இன்னொரு காது மொழுமொழுவென்று இருந்தது.

"சின்னதுல காது குத்துனப்ப முதல் காதுலயே ரத்தம் நிக்கலீங்க. அடுத்த நாள் வரைக்கும் வழிஞ்சுதாம். பயந்துகினு அடுத்த காத வுட்டுட்டாங்க," என்றாள். "பல்லு விழுந்தப்ப ஒரு துண்டு நனைஞ்சுது. மாசா மாசம் சொல்லவே வேணாங்க."

மாமியார் பக்கத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். "மருமவளுக்கு ரத்தம் ஜாஸ்திங்கம்மா. அதான் வழியுது. எங்களுக்கெல்லாம் இருந்தாத்தானே வழியறதுக்கு," என்று சிரித்தார்.

பெண் சிரிக்கவில்லை. "எங்க அக்காவும் இப்படித்தாங்க. மொத பிரசவத்துல ரத்தம் நிக்காம போயிடுச்சு," என்றாள். முறத்தின் சத்தம் நின்றது.

மாசியில் அவளுக்குப் பிரசவம். ரத்தத்தில் எது குறை என்று தெரிந்தால் அதற்கு ஏற்றபடி ஆஸ்பத்திரியில் எல்லாம் தயாராக வைத்துக்கொள்ளலாம். எந்த ஊசி கூடாது, எந்த மருந்து வேண்டும், அடுத்தவர் பிளேட்லெட் ஏற்ற வேண்டுமா என்று முன்னாலேயே முடிவு செய்யலாம். பிளேட்லெட்டை வாங்கி மாதக்கணக்கில் வைத்துக்கொள்ள முடியாது, சில நாள்தான் தாங்கும். குத்துமதிப்பாகச் செய்கிற காரியம் இல்லை. திரும்பி வருகையில் வளைவுகளில் என் மனைவி சட்டையைப் பிடிக்கவில்லை. யோசனையில் இருந்தாள்.

"அந்தப் பொண்ணு ரத்தத்த மட்டும் பாத்தாப் பத்தாது மாமா," என்றாள். "கூடவே நல்லா இருக்கற ஆளுங்க ரத்தத்தையும் வெச்சுப் பாக்கணும். அவங்க கோடு ஏறணும், இவ கோடு படுக்கணும். அப்பத்தான் இவளுக்குக் குறைன்னு சொல்லலாம். பீடி சிகரெட் இல்லாத, தண்ணி போடாத, மருந்து மாத்திரை சாப்புடாத ஆளுங்க வேணும்."

"அப்படி ஆளுக்கு நீ எங்க போவ?"

"அதாங்க தெரியல."

எனக்குப் பளிச்சென்று தோன்றியது. "ஏன், நம்ம குழு இருக்குதே! தைப்பூசம் முடிஞ்சதும் திரும்பிடுவாங்க. ஒரு மண்டலம் விரதம். பீடி கிடையாது, தண்ணி கிடையாது, கவுச்சி கிடையாது, பொய் கூடக் கிடையாது. மாலை போட்டவங்க ரத்தத்த வுடச் சுத்தமான ரத்தம் இந்த ஜில்லாவுல உனக்கு எங்க கிடைக்கும்?"

அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முருகனிடம் போகாவிட்டாலும் முருகன் நம்மைக் கைவிடவில்லை என்று நினைத்தேன்.

குழு திரும்பி வந்து மாலையைக் கழற்றிய சூட்டோடு மில்லில் பேசினேன். எங்கள் குருசாமி காரிமங்கலத்தில் இரும்புக் கடை வைத்திருப்பவர். அறுபதைத் தாண்டியும் முன்னால் வேல் பிடித்து நடப்பவர். ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு உதவி என்றதும், "இதுக்கு எதுக்குக் கேக்கற? பழனிக்கே நடந்தோம், தருமபுரிக்கு வர மாட்டமா," என்றார். வேஷ்டி கட்டி நெற்றி நிறைய விபூதியோடு எல்லோரும் ஒரே வேனில் போய் இறங்கியதைப் பார்த்து ஆய்வுக்கூடத்து வாட்ச்மேன் எழுந்து கும்பிட்டுவிட்டார்.

என் மனைவி ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விவரம் சொல்லி, சம்மதம் கேட்டு, "மருந்து மாத்திரை ஏதாச்சும் சாப்புடறீங்களா? போன ரெண்டு வாரத்துல?" என்று கேட்டாள்.

"இல்லம்மா," என்றார் குருசாமி. "முருகன் இருக்கறப்ப மருந்து எதுக்கு?"

எல்லோரும் அதையே சொன்னார்கள். அன்றைக்கே மலைப் பெண்ணும் மாமியாரோடு வந்து ரத்தம் கொடுத்தாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கந்தனை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் என் மனைவி வெளியே வந்தபோது முகம் சரியில்லை.

"என்னாச்சு?"

"அந்தப் பொண்ணு கோடு ஏறல."

"அதான் நீ எதிர்பாத்தது."

"உங்க சாமிங்க கோடும் ஏறல மாமா. கொஞ்சம் ஏறப் பாத்துட்டு அப்படியே உக்காந்துடுது. ஒருத்தர் பாக்கியில்ல."

நன்றாக இருக்கிறவர்கள் கோடும் படுத்தால் பெண்ணின் கோட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மருந்துச் சொட்டு கெட்டுப்போயிருக்கலாம். யந்திரம் கோளாறாக இருக்கலாம். அந்தச் சொட்டு மருந்து வெளிநாட்டில் இருந்து வர வேண்டியது. புதிதாகக் கேட்டால் பிரசவத்துக்குப் பிறகுதான் வந்து சேரும். வீட்டுக்கு வந்து சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குப் போகவில்லை.

அத்தை விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மெஷினுக்குத் திருஷ்டி பட்டிருக்கும். ஒரே நாள்ல அத்தன பேரு போயி நின்னா?" என்றார். மறுநாள் வேலைக்குக் கொண்டுபோகிற பையில், மெஷினுக்குச் சுற்றிப் போட, ஒரு பூசணிக்காய் இருந்தது. என் மனைவி அதைச் சாம்பாருக்கு எடுத்து வைத்தாள்.

குருசாமிக்கு நான் விஷயத்தைச் சொன்னபோது அவர் கலங்கவே இல்லை. "விரதம் இருந்தா ரத்தம் சுத்தமாயிடும்பா. தண்ணி மாதிரி ஓடும். அதத்தான் மெஷினு காட்டுது. நல்ல சேதிதானே?" என்றார். இதை அப்படியே வந்து மனைவியிடம் ஒப்பித்தேன்.

"ஓடறது பெருசில்ல மாமா. நிக்கணும். நிக்கத் தெரியாத ரத்தம் என்ன சுத்தமா இருந்து என்ன பண்றது?" என்றாள். பிறகு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஆட்டைப் பார்க்கிற பார்வை. "நாளைக்கு நீங்க வாங்க."

வீட்டு ஆளை ஆராய்ச்சிக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது அவள் வைத்திருந்த சட்டம். இது கணக்குக்கு இல்லை, யந்திரம் வேலை செய்கிறதா என்று பார்க்க மட்டும் என்றாள். நான் கந்தா கடம்பா என்று கண்ணை மூடிக் கையை நீட்டினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னைக் குத்திக் காட்டியதில்லை, அன்றைக்குக் குத்தியே விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே இருந்து ஒரு சத்தம். அவள் அப்படிக் கத்துகிற ஆள் இல்லை.

"ஏறுது மாமா! உங்க கோடு ஏறுது!"

போய்ப் பார்த்தேன். திரையில் என் கோடு மலைப் பாதை மாதிரி மேலே போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பத்தாவதில் என் மார்க் கூட இவ்வளவு ஏறியதில்லை.

அவள் அதற்குள் வேறு எங்கோ போய்விட்டாள். "மருந்து நல்லா இருக்குது. மெஷின் நல்லா இருக்குது. சாமிங்க ரத்தத்துலதான் ஏதோ. அத்தன பேருக்கும் பொறவிக் குறையா இருக்க முடியாது. சொந்தக்காரங்க கூட இல்ல, நாலு ஊரு ஆளுங்க. எல்லாரும் சேந்து ஏதோ சாப்புட்டிருக்காங்க. நீங்க சாப்புடல. நீங்க நடக்கல." பேனாவால் மேஜையைத் தட்டினாள். "நடக்கறதுல என்னமோ இருக்குது."

"மாத்திரை இல்லன்னு எல்லாரும் சொன்னாங்களே. மாலை போட்டவங்க பொய் சொல்ல மாட்டாங்க."

"பொய்னு நான் சொல்லலியே. நான் கேட்டது சரியில்லன்னு சொல்றன்."

அன்றைக்கே மில்லுக்கு வந்தாள். குருசாமி தன் வீட்டுக் கேழ்வரகோடு வந்திருந்தார். இவள் மாத்திரையைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சாமி, இந்த வருஷம் நடை எப்படிங்க? காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்களேன். மாமா வரலியா, எனக்கும் கேக்கணும்னு ஆசை," என்றாள்.

குருசாமிக்கு நடையைப் பற்றிச் சொல்ல யாராவது கேட்டால் போதும். விடியலில் குளியல், வேல் பூஜை, பஜனை, நடை, மரத்தடியில் தக்காளி சாதம், மறுபடி நடை என்று தொப்பூர் கணவாய் தாண்டி, சேலம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்.

"காலு வலிக்காதுங்களா?"

"வலிக்காம? கொப்பளம், வீக்கம், எல்லாம்தான். தங்கற எடத்துல ராத்திரி பஜனை முடிஞ்சதும் எல்லாரும் வரிசையா வருவாங்க. நான் நெத்தியில விபூதி வெச்சி, வலது கையில பிரசாதம் குடுத்து, இடது கையில செட்டு குடுத்துடுவன். காலையில பறந்துடுவாங்க."

"செட்டுங்களா?"

"செட்டும்மா. மெடிக்கல்ல மடிச்சுத் தருவாங்களே, வெள்ளை ஒண்ணு, மஞ்ச ஒண்ணு, சிவப்பு ஒண்ணு. அரிசி மூட்டையோட அதையும் ஒரு டப்பா வாங்கி டெம்போவுல போட்டுடுவம். சாமி முன்னால வெச்சித் தீவாரணை காட்டித்தான் குடுப்பன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஆச்சரியம் வரவில்லை, ஏனென்றால் நானே வருஷா வருஷம் இடது கையில் அதை வாங்கியிருக்கிறேன். அதை மாத்திரை என்று நானும் ஒரு நாளும் நினைத்ததில்லை. மாத்திரை என்றால் டாக்டர் எழுதித் தருவது. செட்டு என்றால் செட்டு. சாமி முன்னால் வைத்த பிறகு அது பிரசாதம்.

"வந்ததுக்கு அப்புறமும் போட்டீங்களா சாமி?" என்று கேட்டாள்.

"மிச்சம் இருந்துது. பிரசாதத்த வீணாக்கலாமா? பங்கு போட்டுகினோம்."

என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குருசாமி, "என்னாம்மா, நான் என்னா தப்பா சொல்லிட்டன்?" என்று என்னைப் பார்த்தார்.

பிறகு பொறுமையாகச் சொன்னாள். அந்த மூன்றில் ஒன்று பிளேட்லெட்டுகளைத் தூங்க வைக்கிற ஜாதி. ஒரு வாரம் பத்து நாளுக்கு அவற்றால் கைகோர்க்க முடியாது. வயிற்றையும் கிட்னியையும் கூடக் கெடுக்கும். குருசாமி முகம் வாடியதைப் பார்க்க எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

"அப்ப என்னால அந்தப் பொண்ணு காரியம் கெட்டுச்சா?"

"கெடலீங்க. இப்பத்தான் நேராச்சு. நான் மொதல்லயே நடையப் பத்திக் கேட்டிருக்கணும்."

அதற்குப் பிறகு ஆள் தேடுவது சிரமமாக இல்லை. மில்லுக்கு வருகிறவர்களிடமே கேட்டோம். "மாத்திரை சாப்புடறீங்களா" என்று கேட்பதை என் மனைவி விட்டுவிட்டாள். "தலைவலிச்சா என்ன பண்ணுவீங்க? இடுப்பு வலிச்சா? களையெடுத்துட்டு வந்து ராத்திரி தூக்கம் வரலன்னா?" என்று கேட்டாள். அப்போதுதான் தெரிந்தது, எங்கள் ஊரில் பாதிப் பேர் இடுப்பு மடிப்பில் செட்டு வைத்திருந்தார்கள். ஒரு ஆயா, "இது மாத்திரை இல்ல கண்ணு, வலிக்கிதுன்னா போடறது," என்று எடுத்துக் காட்டி, எனக்கும் ஒன்று வேண்டுமா என்று கேட்டார். கழித்துக் கழித்து மிஞ்சியவர்களை அழைத்துப் போனோம்.

மலைப் பெண்ணும் மறுபடி வந்தாள். அவளிடமும் அப்படியே கேட்டாள். மாமியார்தான் பதில் சொன்னார்: "எங்க மேட்டுல செட்டு விக்கற கடை எங்க இருக்குதுங்க? நோவு வந்தா கெடந்து எந்திரிக்கறதுதான்."

அன்றைக்கு நல்லவர்கள் கோடு எல்லாம் ஏறியது. அந்தப் பெண்ணுடையது மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தது. கெட்ட செய்திதான். ஆனால் என் மனைவி அந்தக் கோட்டைப் பார்த்து மூச்சு விட்டதை நான் கேட்டேன். இனிமேல் இதுதான் குறை என்று ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்லலாம், யாரும் குத்துமதிப்பாக எதுவும் செய்ய வேண்டாம். சிரமத்தைப் பார்க்காமல் பெரிய டாக்டரம்மாவிடம் நேரில் போய் எல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். முதுகில் ஊசி கூடாது. இன்ன மருந்து தயாராக இருக்க வேண்டும். வலி கண்டதும் நல்ல பிளேட்லெட் ஏற்ற வேண்டும்.

பிளேட்லெட்டுக்கு ஆள் வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் குருசாமி சட்டைக் கையை மடித்துவிட்டார். "செட்ட நிறுத்தி நாளாச்சும்மா. என் கோடு இப்ப எப்படி ஏறும் பாரு." வயசு தாண்டிவிட்டது என்று அவரைத்தான் எடுக்கவில்லை. அவர் மகனையும் குழுவில் ரத்தப் பிரிவு பொருந்திய இன்னும் சிலரையும் எடுத்தார்கள். அங்கே ஒரு யந்திரம் ரத்தத்தை இழுத்து, பிளேட்லெட்டை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதைத் திருப்பி உடம்புக்கே அனுப்புகிறது. குருசாமி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "உன் மில்லு மாதிரிதாம்பா. மாவ எடுத்துகினு தவிட்டத் திருப்பிக் குடுத்துட்டாங்க," என்றார்.

மாசி பிறந்து, ஒரு மத்தியானம், மில்லில் கூட்டம் இருந்தபோது என் மனைவி போன் செய்தாள். மோட்டார் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பெல்ட்டை நிறுத்திவிட்டு, "சொல்லு!" என்றேன். "ஆம்பளப் புள்ள. அம்மாவும் நல்லா இருக்கா. நின்னுடுச்சு மாமா," என்றாள். மாவு படிந்த கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அங்கிருந்தவர்கள் என்னவென்று தெரியாமலே அவர்களும் போட்டுக்கொண்டார்கள்.

என் மனைவி இந்த விஷயத்தை எழுதி ஒரு மாநாட்டில் வாசித்தாள். பெங்களூரில். நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஆங்கிலம் புரியவில்லை. நடுவில் "செட்டு" என்று ஒரு வார்த்தை மட்டும் காதில் விழுந்தது, எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இப்போது வேறு ஊர்களில் இருந்தும் அவளைக் கூப்பிட்டு, ரத்தம் கேட்பதற்கு முன்னால் ஜனங்களிடம் என்ன கேட்க வேண்டும் என்று விசாரிக்கிறார்கள். அடுத்த வருஷ நடையில் டெம்போவில் செட்டு டப்பா இல்லை. அதற்குப் பதில் பெரிய அண்டா, வெந்நீர், உப்பு, நல்லெண்ணெய். வேல் பிடித்த கையால் குருசாமியே எல்லோர் காலுக்கும் எண்ணெய் கொடுத்தார். நானும் நடந்தேன். கால் வலித்தது. வலித்துக்கொண்டேதான் படியேறினோம்.

நடந்து வந்த களைப்பு தீருவதற்குள் மலையில் இருந்து ஆள் வந்தது. குழந்தைக்கு அவர்கள் குலசாமி கோயிலில் மொட்டை, காது குத்து. மாமியாரே நேரில் வந்திருந்தார்.

"குத்தலாங்களாம்மா? நீங்க சொன்னாத்தான் குத்துவம்."

"அப்பா அம்மா ரெண்டு பேர் கிட்டயும் இருந்து வந்தாத்தான் புள்ளைக்கு இந்தக் குறை வருங்க. உங்க மவன் ரத்தத்தையும் பாத்துட்டன், அவரு கிட்ட இந்தக் குறையே இல்ல. பயமில்ல, குத்தலாம்," என்றாள் என் மனைவி. "ஆனாலும் நானும் வர்றன்."

மறுபடி வளைவுகள், மறுபடி என் சட்டை. கோயில் என்றால் பெரிய கோபுரம் எல்லாம் இல்லை. மரத்தடியில் நட்ட கல், மஞ்சள் துணி, சுற்றிலும் மலைக்காற்று. எனக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. கும்பிட்டேன். மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி தங்கக் கம்பியை எடுத்தார். என் மனைவி பஞ்சும் கட்டுத் துணியும் வைத்துக்கொண்டு குழந்தையின் முகத்துக்கு நேரே குந்தினாள்.

குத்தியதும் பையன் மலை அதிர அழுதான். காது மடலில் கடுகளவு சிவப்பு. எல்லோரும் குலவையிட்டார்கள். அவள் துடைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். குலவை மெல்ல மெல்ல அடங்கியது. இந்தக் குழந்தையின் அம்மாவுக்கு முதல் காதோடுதான் காது குத்து நின்றுபோனது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆசாரி இரண்டாவது கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒற்றைத் தோட்டோடு அந்தப் பெண் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் முருகனைக் கூப்பிட்டேன். கூப்பிட்டு முடிப்பதற்குள், அந்தச் சிவப்புப் பொட்டு வழியாமல் இருந்த இடத்திலேயே கறுத்து இறுகியது.

என் மனைவி நிமிர்ந்து ஆசாரியைப் பார்த்தாள்.

"அடுத்த காதும் குத்துங்க," என்றாள்.